அமாவாசையன்று வந்த குழு

இரண்டு கண்ணாடி பாட்டில்கள். ஒன்றின் மேல் ‘உள்ளே’ என்றும் இன்னொன்றின் மேல் ‘வெளியே’ என்றும் என் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் அவற்றைப் பையில் வைத்துக்கொண்டு, ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டு போகும் வழியில் இருந்த அந்தச் சாயப்பட்டறைக்குப் போவேன். வடிகட்டிக்குள் இறங்கும் சாயத் தண்ணீர் ஒரு பாட்டிலில், வடிந்து வெளியே வருவது மற்றதில். நிரப்பி மூடியதும் பட்டறைக்காரர், நான் அண்ணன் என்று அழைத்தவர், இரண்டையும் என்னிடமிருந்து வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். அவருடைய நகங்களில் அரக்கு நிறம் நிரந்தரமாக ஏறியிருந்தது. “உள்ள அரக்கு, வெளிய டீ. இன்னும் கொஞ்ச நாள்ல இளநி ஆகிடும் பாருங்க தண்ணி டீச்சர்” என்பார். நான் டீச்சர் இல்லை. அரசு உதவியில் நடந்த ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர், அவ்வளவுதான். ஆனால் நோட்டும் பேனாவுமாக வந்து, தண்ணீருக்கு மார்க் போட்டுவிட்டுப் போகிறவளுக்கு அவர் வைத்த பெயர் அது. அந்தத் தெருவே என்னை அப்படித்தான் அழைத்தது.

மூன்று வாரங்களுக்கு முன் அண்ணன் இறந்துபோனார். மாரடைப்பு. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் கை நகர மறுக்கிறது. என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அவள் தூங்கும்போது மூச்சு சீராக வருகிறதா என்று இன்னமும் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறவள் நான். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பேன், மூன்றாவது முறையும் சந்தேகப்படுவேன். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை, யாரையும் சரியாகக் கேட்காமல், ஐந்து நிமிடத்தில் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தேன். அது எனக்கும் அண்ணனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயமாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

திட்டம் மேடத்தினுடையது. ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை உரித்தால் தோல் மலைபோல் குவியும். எரிப்பார்கள், இல்லையென்றால் குப்பையில் கொட்டுவார்கள். அந்தத் தோலைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கினால் அது சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை அவர் ஆய்வகத்தில் காட்டியிருந்தார். குவளையில் காட்டியதைப் பட்டறையிலும் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. மத்திய அரசின் அறிவியல் துறை ஒன்று சிறு ஊர்களில் நடக்கும் ஆய்வுகளுக்கு உதவி தருவதாக அறிவித்தபோது மேடம் விண்ணப்பித்தார். கிடைத்துவிட்டது. அந்தக் கடிதம் வந்த நாளில் அவர் ஆய்வகத்தில் நின்றபடியே அதை மூன்று முறை படித்ததையும், பிறகு என்னிடம் கொடுத்து, “நீ ஒரு தடவ படிம்மா, நான் தப்பா படிச்சிருக்கப் போறேன்” என்றதையும் நினைக்கிறேன். எங்கோ தில்லியில் ஒரு மேசையில் யாரோ எங்கள் ஊர் மல்லாட்டைத் தோலைப் பற்றிப் படித்துவிட்டுச் சரி என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்த எண்ணமே எனக்குப் பெருமையாக இருந்தது. வெம்பாக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி ஆரணிக்கு வந்த எனக்கு அதுதான் முதல் வேலை.

பட்டறை வேண்டும் என்று மேடம் பல பேரிடம் கேட்டார். இடம் தரச் சம்மதித்தது அண்ணன் ஒருவர்தான். எங்கள் வடிகட்டி என்பது மூன்று பெரிய நீல நிற டிரம்கள், உள்ளே மணல், சரளை, கரி என்று அடுக்குகள். பார்க்க ஒரு வீட்டுக் குடிநீர்த் தொட்டியைப் போலத்தான் இருக்கும். முதல் மாதம் கரி தூளாகி, வெளியே வந்த தண்ணீர் உள்ளே போனதைவிடக் கறுப்பாக இருந்தது. “மேடம், நான் பத்து கலர் போடறேன், கறுப்பு மட்டும் போடறதில்ல. இப்ப அதையும் நீங்க சேத்துட்டீங்க” என்றார் அண்ணன். மேடம் சிரிக்கவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து கரியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். “சூடு ஜாஸ்தியாயிருக்கு. உங்க அடுப்புல எவ்ளோ நேரம் வெச்சா பட்டு கெடாம வேகுமோ, அந்த மாதிரி இதுக்கும் ஒரு நேரம் இருக்கு. அத கண்டுபிடிக்கணும்.” அதன்பிறகு இருவரும் அதைப் பற்றி மாதக்கணக்கில் வாதாடினார்கள். படிப்பு ஒரு பக்கம், கைப்பழக்கம் ஒரு பக்கம். நான் நடுவில் நின்று எண்களை எழுதினேன். ஓர் ஆண்டு முடிவதற்குள், அண்ணன் சொன்னபடி இளநீராக இல்லாவிட்டாலும், வெளிறிய எலுமிச்சைச் சாறு போன்ற தண்ணீர் வந்துவிட்டது. அன்று அவர் மனைவி, எங்கள் அண்ணி, எல்லோருக்கும் கேசரி கிளறினார். “தண்ணிக்குப் பொறந்த நாள் கொண்டாடற வூடு இது ஒண்ணுதான்” என்று அலுத்துக்கொண்டே கொடுத்தார்.

ஆனால் கரி சில வாரங்களில் சாயத்தால் நிறைந்துவிடும். பிறகு புதிது போட வேண்டும். கல்லூரியின் சின்ன உலையில் சுட்டு ஒரு பட்டறைக்குக் கொடுப்பதே பெரும்பாடு. இரண்டாம் கட்டத்தில் ஊருக்குள்ளேயே பெரிய சூளை ஒன்று கட்டி, அண்ணனுக்கும் அக்கம்பக்கத்துச் சாயக்காரர்களுக்கும் தொடர்ந்து கரி கொடுப்பது என்பது திட்டம். அதற்குள் சுத்திகரிப்பு இல்லாத பட்டறைகளை மூடச் சொல்லி அதிகாரிகளின் நோட்டீஸ் வந்துவிட்டது. ஆய்வு நடக்கிறது என்ற காரணத்தால் அண்ணனுக்கு மட்டும் அவகாசம் கிடைத்திருந்தது. ஆகவே எங்களுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். இரண்டாம் கட்டம் கிடைத்தால் அண்ணனின் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் மூடப்படும். அதை முடிவு செய்ய ஒரு மதிப்பாய்வுக் குழு நேரில் வந்து பார்க்கும் என்று கடிதம் வந்தது.

குழு இரண்டு தேதிகளைக் கொடுத்து, எது வசதி என்று கேட்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை, அல்லது அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. மேடம் அப்போது விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தார். போனில், “அண்ணன கேட்டு அவருக்கு எது தோதோ அத எழுதிடும்மா” என்று சொல்லிவிட்டார். நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் ஒரு கரு தங்காமல் போயிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எனக்கு ஸ்கேன் எடுக்க நாள் குறித்திருந்தார்கள்.

பட்டறையில் அண்ணன் அடுப்பின் முன்னால் நின்று, கொதிக்கும் அண்டாவில் பட்டு நூல் சிட்டங்களைக் கழியில் மாட்டித் திருப்பிக்கொண்டிருந்தார். கேட்டேன். “செவ்வாய்க்கிழமை கல்யாண ஆர்டர் ஓடிகினு இருக்கும். அன்னிக்கே வரட்டுமே. வேல நடக்கறச்ச பாத்தாதான அவங்களுக்கும் புரியும்” என்றார். நான் சொன்னேன், “வியாழக்கிழமை அமாவாசைண்ணா. உங்களுக்கு வேலை இருக்காது. புகை இல்லாம, தரை வழுக்காம, உட்கார வெச்சு நிதானமா பேசலாம்.” அவர் கழியைத் திருப்புவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். ஸ்கேனைப் பற்றி நான் சொல்லவில்லை. ஆனால் அண்ணிக்குத் தெரியும், ஆகவே அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். “அதுவும் சரிதான். உங்களுக்கு எது தோதோ அப்படியே பண்ணுங்க” என்றார். அங்கேயே நின்று செல்பேசியில் பதிலை அனுப்பிவிட்டேன்.

ஆரணியில் நெசவும் அதைச் சார்ந்த வேலைகளும் அமாவாசைக்கு நின்றுவிடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தறிச் சத்தம் இல்லாத அந்த ஒரு நாளை வைத்தே, கல்யாணமாகி வந்த புதிதில் மாதத்தைக் கணக்கிட்டேன். ஆனால் அதை நான் விடுமுறை என்று மட்டுமே புரிந்துகொண்டிருந்தேன். விருந்தாளி வருகிற நாளில் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்றே என்னை வளர்த்திருந்தார்கள். முதல் நாள் மாலை அண்ணனும் அண்ணியும் நானும் பட்டறையைக் கழுவினோம். டிரம்களின் மேல் படிந்திருந்த கறையைத் தேய்த்தோம். வடிகட்டிக்குத் தண்ணீர் போகும் சேகரிப்புத் தொட்டியில் மீந்திருந்த சாயத் தண்ணீர் நாற்றமடிக்கிறது என்று அதை வெளியேற்றி, நல்ல தண்ணீர் நிரப்பச் சொன்னதும் நான்தான். அண்ணன் ஒரு கணம் தயங்கினார். “டீச்சர் சொன்னா சரி” என்று வாளியை எடுத்தார்.

குழுவில் இரண்டு பேர். வடக்கிலிருந்து வந்த வயதான விஞ்ஞானி, சென்னையிலிருந்து ஓர் இளம் அதிகாரி. நல்லவர்கள். அந்தப் பெரியவர் முழங்கால் வலியோடு குனிந்து டிரம்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். அண்ணி சுட்ட வடையை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு, தங்கள் கையாலேயே தண்ணீர் எடுத்து அளக்க வேண்டும் என்பது விதி என்றார். எடுத்தார்கள். உள்ளே போகிற தண்ணீரும் தெளிவு, வெளியே வருகிற தண்ணீரும் தெளிவு. அளவுக் கருவி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டியது. “இங்கே சாயம் போடுவது எங்கே?” என்று அவர் கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். கழுவிய தரை, அணைந்த அடுப்பு, கவிழ்த்து வைத்த அண்டா.

மேடம் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். “இன்னிக்கு அமாவாசையா? யாரு இந்தத் தேதிய குடுத்தது?” அண்ணன் முன்னால் வந்தார். “நான்தான் மேடம் சொன்னேன். பெரியவங்க வராங்க, வேல இல்லாத நாளா இருந்தா நல்லா கவனிக்கலாமேன்னு.” அண்ணன் போய் அடுப்பில் சவுக்கு விறகை அடுக்கத் தொடங்கினார். அமாவாசையில் அவர்கள் சாய அடுப்பை மூட்டுவதில்லை. அவருடைய அப்பா காலத்திலும் மூட்டியதில்லையாம். உள்வாசலில் அண்ணி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். விறகு புகைந்தது, பிறகு பிடித்தது. ஆனால் அவ்வளவு பெரிய அண்டாத் தண்ணீர் சூடேற வேண்டும், நூல் நனைய வேண்டும், சாயம் ஏற வேண்டும், வடிய வேண்டும். பிற்பகலுக்குள் வேலூரில் இன்னோர் இடத்தைப் பார்க்க வேண்டியிருந்த அவர்கள் அண்ணனின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். கார் போன பிறகும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை.

அறிக்கை சுருக்கமாக இருந்தது. பார்வையிட்ட நாளில் சாயப் பணி எதுவும் நடைபெறவில்லை, வடிகட்டியின் செயல்திறனை உறுதிசெய்ய இயலவில்லை, இரண்டாம் கட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படவில்லை. கருத்து இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதலாம் என்று கடைசி வரி. அதில் பொய் ஏதுமில்லை, அவர்கள் பார்த்ததைத்தான் எழுதியிருந்தார்கள். அறிவியலுக்கு அரசு உதவுவது என்றால் பணமும் படிவமும் என்று அப்போது நினைத்திருந்தேன். தில்லியில் இருக்கும் ஒருவர் ஆரணியின் வேலை நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதை அவருக்குச் சொல்லவும் ஒருவர் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அப்படிச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் என்னை வைத்திருந்தார்கள். சம்பளம் வாங்கியதும் அதற்காகத்தான். மேடம் அந்தக் காகிதத்தைப் படித்துக் கோப்பில் வைத்தார். பதில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். அந்த மாத இறுதியோடு என் வேலை முடிந்தது.

ஸ்கேன் நன்றாக இருந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம், நாளை மாற்றியிருக்க முடியுமா என்று ஏனோ கேட்டேன். “புதன்கிழமை வந்திருக்கலாமே மேடம்” என்றாள். அதையும் விடுங்கள், செவ்வாய்க்கிழமை நான் இல்லாமலே மேடமும் அண்ணனும் குழுவைப் பார்த்திருக்கலாம். விருந்தாளிக்கு வசதி என்று நான் சொன்னது முழுப் பொய்யா, பாதிப் பொய்யா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது.

அண்ணன் சில மாதங்கள் தானே ஒரு பழைய டிரம்மில் மல்லாட்டைத் தோலைச் சுட்டுப் பார்த்தார். சரியாக வரவில்லை. அவகாசமும் முடிந்தது. அதிகாரிகள் வந்து மின்சாரத்தைத் துண்டித்து, கதவுக்கு முத்திரை வைத்தார்கள். என் மகள் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கணவர் வந்து சொன்னபோது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை. பச்சைக் குழந்தை, புகை, தொற்று என்று எனக்கு நானே காரணங்களை அடுக்கினேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் உறவினர் கல்யாணத்தில், மண்டபத்தின் பின்கட்டில் அவரைப் பார்த்தேன். சமையல் குழுவில் சாம்பார் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். நகத்தில் அரக்கு இல்லை. நான் ஒதுங்குவதற்குள் பார்த்துவிட்டார். “இன்னா தண்ணி டீச்சர், ஆளே காணோம். அப்பவும் அண்டாதான், இப்பவும் அண்டாதான். ஒரே வித்தியாசம், இத ருசி பாக்கலாம்.” மகளைப் பார்த்து, “இதுதான் அந்த அமாவாசை விருந்தாளியா?” என்று கன்னத்தைத் தொடப் போய், கை ஈரம் என்று இழுத்துக்கொண்டார். “அண்ணா, அன்னைக்கு நான் மேடத்துகிட்ட சொல்லியிருக்கணும்” என்றேன். “அட வுடுங்க. புள்ளத்தாச்சிய நிக்க வெச்சி கேள்வி கேக்க வுடுவனா? அதெல்லாம் பேஜாரு. ஜல்தியா போய் சாப்புடுங்க, பந்தி போட்டாச்சி.” அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

துக்கம் கேட்க மேடத்தோடுதான் போனேன். மேடம் ஓய்வு பெற்றுவிட்டார், கைத்தடி வைத்திருக்கிறார். மகளை மாமியாரிடம் விட்டிருந்தேன், காலையிலிருந்து லேசாக இருமினாள். கூடத்தில் அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அழவில்லை. கோபமாகத்தான் பேசினார். “அந்த மனுஷன் அவராவே நாள் குறிச்சி அவராவே கெடுத்துகினாரு மேடம். அமாவாசைல அடுப்ப மூட்டுனா எந்தக் குடும்பம் வெளங்கும்? தெனமும் சொல்லிக் காட்டுவேன். ஒரு நாள் வுட்டதில்ல.” மேடம் தலைகுனிந்திருந்தார். நானும்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். அங்கேதான் மேடத்திடம் சொன்னேன். இரண்டு தேதி வந்தது, அண்ணன் செவ்வாய் என்றது, நான் வியாழன் என்றது, ஸ்கேன், தொட்டியைக் கழுவியது, எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அப்பவே சொல்லியிருந்தா இன்னொரு நாள் கேட்டிருப்பேன்மா” என்றார். “ஒரு மாசம் டைம் குடுத்திருந்தாங்களே. என் ஆபீஸ்ல தேதி தப்பாயிடுச்சு, திரும்ப வாங்கன்னு ஒரு வரி எழுதினா போதும். வந்திருப்பாங்க. ஆனா அண்ணன் குடுத்த தேதின்னா நான் என்னன்னு எழுதறது? அவர் பேரைத்தானே எழுதணும். பட்டறைக்காரரே ஒத்துழைக்கலன்னு குறிச்சுட்டா அவருக்கு இருந்த அவகாசமும் போயிடும்னு நினைச்சேன். அவர காப்பாத்தத்தான் எழுதாம இருந்தேன்.”

ஆட்டோ வந்தது. நான் ஏறவில்லை. மேடத்தை அனுப்பிவிட்டுத் திரும்பி நடந்தேன். சொல்வது சரியா என்று அந்தப் பத்து வீடுகளைத் தாண்டுவதற்குள் பல முறை கேட்டுக்கொண்டேன். புருஷனைப் பறிகொடுத்து மூன்று வாரம்கூட ஆகாதவரிடம் என் பாரத்தை இறக்கி வைக்கப் போகிறேனா, இல்லை அண்ணன் மேல் இருந்த பழியை எடுக்கப் போகிறேனா? இன்றும் எனக்குத் தெரியவில்லை. அண்ணி அதே சுவரில் அப்படியே சாய்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து, நாள் குறித்தது அண்ணன் இல்லை, நான்தான் என்றேன். மேடம் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது என்னோடு இருக்கட்டும் என்று தோன்றியது.

அண்ணி என் முகத்தையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையை இழுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

“நான் திட்டும்போதெல்லாம் சிரிப்பாரும்மா” என்றார். “இன்னா சிரிப்புன்னு அதுக்கும் சேத்து திட்டுவேன்.”